எஸ்பரான்டோவும் கெச்சுவாவும் சிறாம்பியடிப் பாட்டும்



சென்ற தடவை மொழிக் கலப்பைப் பற்றி நான் பேசிய பிறகு, முந்தல் பக்கத்திலிருந்து ஒரு நேயர் தபாலட்டை அனுப்பியிருந்தார். "உலகம் முழுவதற்கும் பொதுவாக எஸ்பரான்டோ என்று ஒரு மொழியைச் செய்தார்களாமே. தென்னமெரிக்க மலைநாட்டில் கெச்சுவா என்று ஒரு பழைய மொழியும் உண்டாமே. இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் எது பாரம்?" என்று கேட்டிருந்தார். நேயர் மீன் வியாபாரம் செய்பவராக இருக்கலாம். நிறுவைக் கணக்கிலேயே பேசுகிறார். இதை ஒரு தபாலட்டையில் கேட்டுவிடலாம், பதிலை ஒரு தபாலட்டையில் எழுதிவிட முடியாது. அதனால் இன்றைய நேரத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் எஸ்பரான்டோ. போலந்திலுள்ள பியாலிஸ்டொக் என்ற நகரத்தில் 1859 இல் பிறந்தவர் சாமென்ஹோவ் என்ற யூதர். அந்த நகரம் அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அங்கே யூதர் இத்திஷ் பேசினர், போலந்துக்காரர் தம் மொழி பேசினர், அதிகாரிகள் ரஷ்ய மொழி பேசினர், ஜேர்மன் மொழியும் கடைத்தெருவில் கேட்டது. மொழி வேறானவன் பகைவன் என்று எண்ணும் சூழலில் வளர்ந்த சிறுவன், எல்லோருக்கும் நடுவில் எவருக்கும் சொந்தமல்லாத ஒரு மொழி இருந்தால் சண்டை தீருமே என்று நினைத்தான். கண் வைத்தியரான பிறகும் அந்த நினைவு அவரை விடவில்லை. 1887 இல் வார்சாவில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆசிரியர் பெயராக அவர் இட்டது 'டாக்டர் எஸ்பரான்டோ'. நம்பிக்கையோடு இருப்பவன் என்பது அதன் பொருள். புனைபெயரே மொழியின் பெயராக நிலைத்துவிட்டது.

அதன் இலக்கணம் பதினாறு விதிகளுக்குள் அடங்கும். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ' என முடியும், பெயரடை 'ஆ' என முடியும். விதிவிலக்கு என்பதே கிடையாது. சொற்களை ஒட்டி ஒட்டி வளர்க்கலாம். 'சான்' என்றால் சுகம். 'மல்' சேர்த்தால் அதற்கு எதிர். 'உல்' சேர்த்தால் ஆள். 'எய்' சேர்த்தால் இடம். ஆக 'மல்சானுலேயோ' என்றால் சுகமில்லாதவர் இருக்குமிடம், அதாவது ஆஸ்பத்திரி. தமிழ் விகுதிகளோடு பழகிய நமக்கு இது விளையாட்டுப் போல விளங்கும். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். 'பாத்ரோ' என்றால் தந்தை. தாய்க்குத் தனிச்சொல் கிடையாது. தந்தைக்குப் பெண்பால் விகுதி சேர்த்துப் 'பாத்ரினோ' என்கிறார்கள். யாருக்கும் தாய்மொழியாக அல்லாமல் செய்யப்பட்ட மொழியில் தாய்க்கே தனிச்சொல் வைக்காமல் விட்டது தற்செயல்தான் என்றாலும், நான் அதை மறப்பதில்லை.

1905 இல் பிரான்சின் பூலோன் நகரில் முதலாவது உலக மாநாடு கூடியது. வந்தவர்கள் 688 பேர். வெவ்வேறு நாட்டார் மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். முதலாம் உலகப் போருக்குப் பின் அமைந்த சர்வதேச சங்கத்தில் இம்மொழியைப் பாடசாலைகளில் கற்பிக்கும் யோசனை வந்தபோது பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தது. தன் மொழியின் இடம் போய்விடும் என்ற அச்சம் அதற்கு. ஹிட்லரோ இதனை யூதரின் சதி என்றே எழுதினான். சாமென்ஹோவ் 1917 இல் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். மகனை 1940 இல் சுட்டார்கள், மகள்மார் இருவரும் 1942 இல் திரெப்லிங்கா முகாமில் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் மொழி அழியவில்லை. பேசுவோர் எத்தனை பேர் என்றால் சில பத்தாயிரம் என்பாரும் உண்டு, இருபது இலட்சம் என்பாரும் உண்டு. அவர்களுள் ஆயிரம் பேரளவில் பிறந்த வீட்டிலேயே, தாய் தந்தையரிடமிருந்தே இதனைக் கற்றவர்கள் என்பதுதான் வியப்பு. எவருக்கும் சொந்தமல்லாத மொழி சிலருக்குச் சொந்தமாகிவிட்டது.

இனிக் கெச்சுவா. பெரு, பொலிவியா, எக்குவடோர் முதலிய நாடுகளின் அந்தீஸ் மலைத்தொடரில் எழுபது எண்பது இலட்சம் மக்கள் இதனைப் பேசுகிறார்கள். தம் மொழியை அவர்கள் 'ருனா சிமி' என்பார்கள். மனிதரின் வாய் என்று பொருள். இந்த மொழியின் ஒரு சொல்லை நம் முன்னோரும் விழுங்கியிருக்கிறார்கள். 'கினா' என்றால் மரப்பட்டை. அந்தப் பட்டையிலிருந்து வந்த மருந்துதான் கொயினா. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையைச் சூறையாடியபோது கைப்பைப் பொறுத்துக்கொண்டு கொயினா குடித்துப் பிழைத்தவர்கள், அந்தீஸ் மலையின் சொல்லொன்று தம் நாக்கில் இருப்பதை எங்கே அறிந்திருப்பார்கள்!

கெச்சுவாவும் நம்மைப் போலவே ஒட்டுச் சொற்களால் ஆனது. 'வாசி' என்றால் வீடு, 'வாசிய்' என்றால் என் வீடு, 'வாசிய்குனா' என்றால் என் வீடுகள், 'வாசிய்குனாபி' என்றால் என் வீடுகளில். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். தான் கண்டதைச் சொல்வதற்கு ஒரு விகுதி, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கு வேறொரு விகுதி. நாம் 'வந்தான்', 'வந்தானாம்' என்று பிரித்துச் சொல்வது போல. எல்லாவற்றிலும் மேலாக, பேசப்படுபவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேறு, அவரை விலக்கும் 'நாங்கள்' வேறு. முன்னது 'நியோகஞ்சிக்', பின்னது 'நியோகைக்கு'. தமிழுக்கும் கெச்சுவாவுக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. அப்படிக் கற்பிப்போர் பலர் இருக்கிறார்கள், அவர்களை அவர்கள் பாட்டில் விட்டுவிடுவோம். இரண்டு மக்கள் கூட்டத்தார், ஒருவரை ஒருவர் அறியாமலே, இந்த வேறுபாடு வேண்டும் என்று கண்டிருக்கிறார்கள். எஸ்பரான்டோவிலோ 'நி' என்ற ஒரே சொல்தான். உலகத்தைச் சேர்க்க வந்த மொழியில் விலக்கும் 'நாங்கள்' எதற்கு என்று வாதிக்கலாம். ஆனால் 'நாம்' என்று தனியே அழைக்கும் இன்பமும் அதில் இல்லை.

இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, பெரும்பகுதியினர் எங்கள் புத்தளத்துக்குத்தான் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் எனக்கு அயலவரானார். ஒரு நாள் வாசலில் நின்று, "நாங்கள் சந்தைக்குப் போவமா?" என்றார். எனக்குத் தடுமாற்றம். தம் வீட்டாரோடு போவதற்கு என்னிடம் ஏன் கேட்கிறார்? யாழ்ப்பாணப் பேச்சில் 'நாங்கள்' என்பது இரண்டுக்கும் பொது என்பது பின்னர்தான் விளங்கியது. அவர் என்னையும் சேர்த்தே அழைத்திருந்தார். நான் விலக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டு நின்றேன்.

கெச்சுவாவுக்குத் திரும்புவோம். அது எப்போதும் மலைக்கிராமத்து வீட்டுமொழியாக மட்டும் இருந்ததில்லை. அதுவும் ஒரு பொதுமொழிதான். இன்காக்களுக்கு முன்பே பல இனத்தாரிடையே பரவத் தொடங்கியிருந்தது. இன்கா மன்னர் அதை ஆட்சிமொழி ஆக்கினர். 1532 இல் ஸ்பானியர் வந்து பேரரசைக் கவிழ்த்தபின், பாதிரிமார் தம் போதனைக்கு வசதியென்று அதை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1560 இலேயே அதற்கு இலக்கண நூல் அச்சாயிற்று. 1584 இல் லீமாவில் அச்சான வேதபோதனை நூல் ஸ்பானியம், கெச்சுவா, ஐமரா ஆகிய மூன்று மொழிகளிலும் இருந்தது. தென்னமெரிக்காவில் அச்சேறிய முதல் நூல் அதுவே. இங்கே, நமக்கு எதிர்க்கரையில், முத்துக்குளிக்கும் பரதவரிடையே ஹென்றிக்கே பாதிரியார் தமிழில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578 இல். இரண்டுக்கும் இடையில் ஆறே வருடம். ஒரே காலம், ஒரே நோக்கம், இரண்டு பெருங்கடல்கள்.

பிறகு காற்று மாறியது. 1780 இல் இரண்டாம் தூபாக் அமாரு என்ற தலைவன் கிளர்ச்சி செய்தான். 1781 மே மாதம் அவனைக் கூஸ்கோ நகரின் சதுக்கத்தில் கொன்றார்கள். தீர்ப்பில் அவனுடைய தலையோடு மொழியும் சேர்ந்தது. இன்கா உடை, நாடகம், கெச்சுவாப் பேச்சு எல்லாம் ஒழிய வேண்டும் என்றது அத்தீர்ப்பு. ஆயினும் தீர்ப்பு ஒரு மொழியைக் கொல்லாது. கெச்சுவாவைத் தேய்த்தது வெட்கம். மலையிலிருந்து பட்டினத்துக்கு இறங்கி வந்த தாய், பிள்ளையைப் பிறர் இழிவாகப் பார்ப்பார்களே என்று, அதன் காதில் விழும்படி தன் மொழியைப் பேசாமல் விட்டாள். 1975 இல் பெரு அரசு கெச்சுவாவை அரச கரும மொழியாக அறிவித்தது. அறிவித்தாலும் வெட்கம் வர்த்தமானியைப் படிப்பதில்லை. 2017 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் பெருவில் ஏறத்தாழ 38 இலட்சம் பேர் தம் தாய்மொழி கெச்சுவா என்று பதிந்தார்கள். அந்த நாட்டில் அதைப் பேசும் பாட்டன் பாட்டியரின் எல்லாப் பேரப்பிள்ளைகளும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த வெட்கத்தைப் பார்க்க அந்தீஸ் மலைக்குப் போகத் தேவையில்லை. புத்தளத்திலிருந்து தெற்கே கரையோரமாகப் போங்கள். உடப்பில் தமிழ் கேட்கும். சிலாபம் தாண்டி நீர்கொழும்பு வரையிலான மீன்பிடிக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் தமிழே வீட்டுமொழி. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாடசாலைகளின் மொழி சிங்களமாயிற்று. இரண்டு தலைமுறைக்குள் பேச்சும் மாறியது. யாரும் அடித்து மாற்றவில்லை. அந்தக் கரையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். அவருடைய தாயார் கரைவலை இழுத்து வரும் மீனைத் தமிழில் எண்ணுவார். மகனோடு இரண்டு மொழியும் கலந்து பேசுவார். பேரப்பிள்ளைகளோடு சிங்களம் மட்டுமே. "ஏன் அம்மா, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தரலாமே" என்று கேட்டேன். "அதுகள் படிக்கிற பிள்ளைகள் தம்பி" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போது அந்த அம்மா இல்லை.

பொதுமொழி என்று வந்தால் எங்கள் கரைக்கு அது புதிதல்ல. 1344 இல் இப்னு பதூதா என்ற உலகம் சுற்றிய பயணி 'பத்தாலா' என்று எழுதிய பட்டினத்தில் கரையிறங்கினார். அது புத்தளம் என்பதே பலரின் முடிவு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். மொரோக்கோ நாட்டவரும் தமிழ் மன்னனும் எந்த மொழியில் பேசினார்கள்? பாரசீகத்தில். மன்னன் பாரசீகம் அறிந்திருந்தான் என்று அவர் எழுதுகிறார். காலியில் கிடைத்த 15 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சீனக் கல்வெட்டிலும் சீனம், தமிழ் ஆகியவற்றோடு மூன்றாவதாக இருப்பது பாரசீகமே. இந்து சமுத்திரத்தின் எஸ்பரான்டோ அன்று அதுதான்.

அடுத்து வந்தது போர்த்துக்கேயம். லிஸ்பனில் பேசிய மொழியல்ல. துறைமுகந்தோறும் தேய்ந்து, திரிந்து, இலகுவான ஒரு பேச்சு. ஹோர்முசிலிருந்து மக்காவு வரை அதைக்கொண்டு வியாபாரம் செய்யலாம். போர்த்துக்கேயர் 1658 இல் இலங்கையை விட்டுப் போன பின்பும் அது போகவில்லை. கற்பிட்டியில் 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர், தம் மொழியைப் புகுத்தக் கட்டளைகள் பிறப்பித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒல்லாந்த வீடுகளின் பெண்களும் பிள்ளைகளும் போர்த்துக்கேயமே பேசினார்கள், தேவாலயத்தில் பிரசங்கமும் அதில் நடந்தது. ஆங்கிலக் கும்பனியாருக்குக் கிடைத்த 1698 ஆம் ஆண்டுப் பட்டயம், இந்தியாவுக்குப் போகும் பாதிரிமார் ஒரு வருடத்துக்குள் போர்த்துக்கேயம் கற்க வேண்டும் என்றது. 1819 இல் கொழும்பில் இந்த இலங்கைப் போர்த்துக்கேயத்துக்குச் சிங்களம், ஆங்கிலத்தோடு சேர்த்து ஓர் அகராதியும் அச்சானது. கற்பிட்டியில் 1807 இல் பிறந்து பின்னாளில் 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி, தமிழ், சிங்களம், ஆங்கிலத்தோடு போர்த்துக்கேயமும் ஒல்லாந்தமும் அறிந்தவர். அவருடைய புலமையை நாம் வியக்கிறோம். அந்தக் கரையில் வளர்ந்தவருக்கு அவற்றிற் பாதி தெருவிலேயே கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்றும் நம் வீட்டுக்குள் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், சாவி, குசினி, பாண், சப்பாத்து, லேஞ்சி, துவாய், அலவாங்கு, விறாந்தை. இத்தனையும் போர்த்துக்கேயம். ஒல்லாந்தர் விட்டுப்போனவை கந்தோரும் கக்கூசும் இன்னும் சிலவும். எந்த மொழி அடுப்படிவரை வந்தது, எது வாசலோடு நின்றது என்பது இதிலேயே தெரிகிறதல்லவா?

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் பேசும் போர்த்துக்கேயத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு சுவையான செய்தி சொல்கிறார்கள். சொல்லெல்லாம் போர்த்துக்கேயம், எலும்புக்கூடு தமிழ். வினை கடைசியில் நிற்கிறது. போர்த்துக்கேயத்தில் சொல்லுக்கு முன்னே நிற்கும் 'பரா' என்ற இடைச்சொல், தேய்ந்து 'ப' ஆகி, நம் 'கு' உருபைப் போலச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. சாமென்ஹோவ் அறைக்குள் இருந்து செய்ததை இங்கே கடற்கரைச் சனங்கள் திட்டமில்லாமல் செய்திருக்கிறார்கள்.

புத்தளம் நகரிலிருந்து அநுராதபுர வீதியில் சில மைல் போனால் சிறாம்பியடி. ஆபிரிக்க வம்சாவளியினர் சில பத்துக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வேறு நாடுகளில் இழிசொல்லாகக் கருதப்படும் 'காபிர்' என்ற பெயரை இவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார்கள். இவர்களின் முன்னோரைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவருமே கொண்டுவந்தார்கள், அடிமைகளாகவும் படைவீரராகவும். மொசாம்பிக்கில் பிடித்துக் கோவாவில் விற்று இங்கே சேர்த்தவர்களும் உண்டு. ஆங்கிலேயரின் இலங்கைப் படையணியில் சேவித்துப் புத்தளத்தில் நிறுத்தப்பட்டவர்கள், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் படை கலைந்தபோது இங்கேயே தங்கிவிட்டனர். ஆபிரிக்காவின் எத்தனையோ மொழிகளைப் பேசியவர்கள் ஒருவரோடொருவர் பேச எடுத்துக்கொண்டது இந்தப் போர்த்துக்கேயப் பேச்சை. அது கப்பல்காரரின் பொதுமொழியாக வந்தது. இவர்களின் வீட்டில் தாலாட்டாயிற்று. துறைமுகங்கள் அதை மறந்து ஆங்கிலத்துக்கு மாறிய பின்னும், உலகம் கேளாத ஒரு மூலையில் இவர்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எஸ்பரான்டோவாக வந்தது கெச்சுவாவாக முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது அங்கே வீட்டுமொழி சிங்களம். மிஞ்சியிருப்பது 'மஞ்சா' என்ற பாட்டு. நம் கலியாண வீடுகளையும் ஆட்டிவைக்கும் பைலாவுக்கு இந்தப் பாட்டும் ஓர் உறவுமுறை. சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் நான் அங்கே போயிருந்தேன். ஒரு மூதாட்டி திண்ணையில் இருந்தார். பேத்திமார் இரண்டு பேர் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினார்கள், இன்னொருவர் வெறும் போத்தலில் கரண்டியால் தாளம் போட்டார். பாட்டு மெல்லத் தொடங்கி, வட்டம் வட்டமாக வேகம் ஏறி, திடீரென்று நின்றது. பிறகுதான் கேட்டேன், பொருள் என்னவென்று. மூதாட்டி சில சொற்களுக்குப் பொருள் சொன்னார். சிலவற்றுக்கு, "எங்கள் அம்மாவுக்குத் தெரியும்" என்றார். பேத்திமார் பாட்டை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடினார்கள். அவர்களுக்கு அது முழுவதும் சத்தம்தான். ஆனால் பாடும்போது அவர்கள் முகத்தில் இருந்த பெருமிதம் பொருள் தெரிந்தவர்களுக்கும் வராது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஆச்சி, உங்கள் பழைய பாஷையில் 'நாங்கள்' என்பதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நோஸ்" என்றார்.

"அந்த நோஸுக்குள் நானும் வருவேனா, இல்லை உங்கள் ஆட்கள் மட்டுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, தேத்தண்ணீர் எத்தனை கோப்பை போட வேண்டும் என்று சிங்களத்தில் எண்ணிச் சொன்னார். என்னையும் சேர்த்து எண்ணியிருந்தார்.